ஒரே காலணியில் பனியும் தரையும்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். விஷயம் சறுக்குக் காலணி. பனிக்கட்டி மேல் ஓடும் ஐஸ் ஸ்கேட்டிங், தரை மேல் ஓடும் ரோலர் ஸ்கேட்டிங், இரண்டுக்கும் ஒரே காலணி போதுமா என்ற கேள்வி. இது இன்றைய விளம்பரக்காரர்கள் கிளப்பிவிட்ட கேள்வி என்று நினைக்காதீர்கள். சக்கரம் வைத்த காலணி பிறந்ததே இந்தக் கேள்வியில்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் செய்தித்தாள்கள் 'பனிச்சறுக்கு' என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்கீயிங். நீளமான பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குவது அது. நான் சொல்லப்போவது ஸ்கேட்டிங். உறைந்த ஏரியிலோ அரங்கிலோ, சமதளத்தில், காலணிக்கு அடியில் மெல்லிய இரும்புப் பிளேடு வைத்து ஓடுவது.

இதன் ஆதி வடிவம் எலும்பு. வட ஐரோப்பாவில் குதிரை, மாட்டின் கால் எலும்பைச் செதுக்கித் தட்டையாக்கிக் காலுக்கடியில் கட்டிக்கொண்டார்கள். 1170களில் லண்டன் நகரைப் பற்றி எழுதிய வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன், நகர மதிலுக்கு வடக்கே இருந்த சதுப்பு நிலம் உறைந்ததும் இளைஞர்கள் இப்படி எலும்பைக் கட்டி விளையாடியதைக் குறித்து வைத்திருக்கிறார். கையில் இரும்புமுனை வைத்த கோல் இருக்கும். படகைத் துடுப்பால் தள்ளுவதுபோல அந்தக் கோலால் பனியைக் குத்தித் தள்ள வேண்டும். ஏனென்றால் எலும்புக்கு விளிம்பு கிடையாது. காலால் உந்தினால் அது பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பிறகு டச்சுக்காரர்கள் மரக்கட்டையின் அடியில் இரும்புத் தகட்டைப் பதித்தார்கள். கோல் தேவையில்லாமல் போனது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள், மீதிக் கதை முழுவதும் இதில்தான் தொங்குகிறது. எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் நடத்தியபோது அது நன்மையா தீமையா என்று உங்களை இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேச வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? பனியில் நிற்கும் பிளேடுக்கு இரண்டு குணமும் ஒரே நேரத்தில் உண்டு. நீளவாக்கில் உராய்வு மிகமிகக் குறைவு, வழுக்கிக்கொண்டே போகும். குறுக்குவாக்கில் அதன் விளிம்பு பனியைக் கடித்துக்கொள்ளும், நகராது. அதனால் ஒரு காலை லேசாகத் திருப்பிப் பக்கவாட்டில் உதைத்தால் மற்றக் கால் முன்னே சறுக்குகிறது.

இப்போது ஒரு சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். நீளவாக்கில் உருளும், குறுக்குவாக்கில் நகராது. பிளேடுக்கு உள்ள அதே இரண்டு குணம்! அப்படியென்றால் பிளேடைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மாட்டினால் கோடையிலும் ஓடலாமே? இந்த யோசனை பலருக்கும் வந்தது. திரும்புவது எப்படி, நிற்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாரும் விழுந்தார்கள்.

முதலில் விழுந்தவர், அதுவும் நிஜமாகவே விழுந்தவர், ஜான் ஜோசப் மெர்லின். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஊய் என்ற ஊரில் 1735இல் பிறந்து, 1760இல் லண்டன் வந்தவர். இசைக்கருவி, கடிகாரம், தானியங்கிப் பொம்மை என்று எதையும் செய்யக்கூடிய கைகாரர். பிற்காலத்தில் தன் கருவிகளை வைத்தே ஒரு காட்சியகம் நடத்தினார். ஓவியர் கெயின்ஸ்பரோ இவரைப் படமாக வரைந்திருக்கிறார். இந்த மெர்லின், சோஹோ சதுக்கத்தில் கார்லைல் மாளிகையில் நடந்த முகமூடி விருந்து ஒன்றுக்குத் தானே செய்த சக்கரக் காலணியில் வயலின் வாசித்துக்கொண்டே உருண்டு வந்தாராம். வேகம் கூடியது. திருப்பவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. 500 பவுண்டுக்கு மேல் விலையுள்ள கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடி நொறுங்கியது, வயலின் உடைந்தது, அவருக்கும் பலத்த காயம். தாமஸ் பஸ்பி என்ற இசைக்கலைஞர் பல ஆண்டுகள் கழித்து எழுதிவைத்த கதை இது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலணியின் குறை என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

மெர்லினுக்குப் பிறகு வந்தவர்கள் பிளேடின் உருவத்தையே பின்பற்றினார்கள். பிளேடு ஒரு கோடுதானே, ஆகவே சக்கரங்களையும் ஒரே கோட்டில் வைத்தார்கள். 1819இல் பாரிஸில் பெத்திபிளே என்பவர் மூன்று சக்கரங்களை வரிசையாக வைத்துக் காப்புரிமை வாங்கினார். எல்லாம் ஒரே அளவு. நேராக ஓடியது, திரும்ப மறுத்தது. 1823இல் லண்டனில் ராபர்ட் ஜான் டயர்ஸ் என்ற பழ வியாபாரி (ஆமாம், பழக்கடைக்காரர்தான்) ஐந்து சக்கரம் வைத்த 'ரோலிட்டோ'வுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த நுட்பமான வேலை, நடுவில் உள்ள சக்கரத்தைப் பெரிதாக வைத்தது. 1828இல் பாரிஸில் ஜான் கார்சின் வந்தார். பனிச் சறுக்கு பற்றி 1813லேயே புத்தகம் எழுதியவர். தன் பெயரின் அசைகளை முன்பின்னாகப் போட்டு 'சின்கார்' என்று காலணிக்குப் பெயர் வைத்தார். நம் காதுக்குச் சிங்காரம் என்பதுபோல் கேட்கிறது, இல்லையா?

டயர்ஸ் ஏன் நடுச் சக்கரத்தைப் பெரிதாக்கினார்? ஐஸ் ஸ்கேட்டின் பிளேடைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அடிப்பகுதி நேர்கோடாக இருக்காது. ஆடும் நாற்காலியின் அடிக்கட்டைபோல மெல்லிய வளைவு இருக்கும். இன்றைய ஐஸ் ஹாக்கி பிளேடில் அந்த வளைவு சுமார் 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு துண்டு. அதனால் எந்த நேரத்திலும் பிளேடின் சிறு பகுதிதான் பனியைத் தொடுகிறது. அதன் மேல் சுழன்று திரும்பலாம். ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்பு பனியில் வளைவாகக் கோடு கிழிக்கும், உடம்பும் அந்தக் கோட்டிலேயே போகும். ஒரே அளவுள்ள மூன்று சக்கரம் வரிசையாகத் தரையைத் தொட்டால் இது நடக்காது. நடுச் சக்கரம் பெரிதாக இருந்தால், காலை முன்னும் பின்னும் சாய்ப்பதற்கேற்ப இரண்டு மூன்று சக்கரம் மட்டும் தரையில் படும். அந்தப் பழக்கடைக்காரர் பிளேடின் வளைவைச் சரியாகக் கவனித்திருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

ஆனாலும் இது கண்காட்சிப் பொருளாகவே இருந்தது. இடையில் ஒரு வேடிக்கை. 1849இல் பாரிஸ் ஓபராவில் மயர்பியரின் 'ல ப்ரொஃபெத்' அரங்கேறியது. அதில் உறைந்த ஏரியில் சறுக்கும் நடனம் வருகிறது. மேடையில் பனிக்கு எங்கே போவது? நடனக்காரர்கள் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு பனியில் ஓடுவதுபோல நடித்தார்கள். சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அதுவரை சக்கரக் காலணிக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான், பனியைப்போல நடிக்கும் வேடம்.

அதை மாற்றியவர் ஜேம்ஸ் லெனர்ட் பிளிம்ப்டன். நியூயார்க்கில் மரச்சாமான் வணிகம் செய்தவர். உடல்நலத்துக்காகப் பனியில் சறுக்கப் பழகினார், அது ஒத்துக்கொண்டது. குளிர்காலம் முடிந்ததும் என்ன செய்வது? 1863 ஜனவரி 6ஆம் தேதி அவருக்குக் கிடைத்த காப்புரிமை சக்கரச் சறுக்கின் வரலாற்றையே இரண்டாகப் பிரித்தது.

அவர் சக்கரங்களை ஒரே கோட்டில் வைக்கவில்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மாட்டுவண்டிபோல அக்கம்பக்கமாக வைத்தார். பார்த்தால் பிளேடுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. சூட்சுமம் அச்சில் இருந்தது. நம் மாட்டுவண்டியில் அச்சு வண்டியோடு இறுகப் பொருத்தியிருக்கும். அதனால் வண்டியைத் திருப்பும்போது சக்கரம் மண்ணை அரைத்துக்கொண்டு திரும்பும். பிளிம்ப்டன் இரண்டு அச்சுகளையும் சாய்வான முளையில் அமர்த்தி, நடுவே ரப்பர் வைத்தார். ஓடுபவர் இடப்பக்கம் சாய்ந்தால் ரப்பர் அமுங்கும். இரண்டு அச்சுகளின் இடது முனைகள் ஒன்றையொன்று நெருங்கும், வலது முனைகள் விலகும். காலணி இடப்பக்கம் வட்டமடிக்கும். நிமிர்ந்தால் ரப்பர் தன் நிலைக்குத் திரும்பும், ஓட்டமும் நேராகும்.

பனியில் என்ன நடக்கிறது? சாய்ந்தால் வளைகிறது. இதில் என்ன நடக்கிறது? சாய்ந்தால் வளைகிறது. மற்றவர்கள் பிளேடின் உருவத்தைச் சக்கரத்தில் கொண்டுவரப் பார்த்தார்கள். அவர் பிளேடு செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு உருவத்தை விட்டுவிட்டார். பனியில் கற்றவர் தரையிலும், தரையில் கற்றவர் பனியிலும் அதே சாய்வை நம்பி இறங்க முதல்முறையாக முடிந்தது. மாற்றுக் காலணிக்கு உண்மையான அடித்தளம் இதுதான் என்பது என் எண்ணம்.

வியாபாரத்திலும் அவர் கெட்டிக்காரர். காலணியை விற்கவில்லை, அரங்குகளுக்கு வாடகைக்குத்தான் கொடுத்தார். 1866இல் நியூபோர்ட் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தைச் சறுக்கு அரங்காக மாற்றினார். 1870களில் இங்கிலாந்தில் இந்தப் பைத்தியம் முற்றியது. போலிகள் பெருகின, வழக்குகளும் பெருகின. மால்கம்சன் (1876), ஸ்பில்லர் (1877) ஆகியோர் மீது அவர் ஆங்கில நீதிமன்றத்தில் போட்ட வழக்குகள் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பழக்கம். நம் வக்கீல் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் விளக்கி எழுதுங்கள்.

இனி, நான் சொல்ல நினைத்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இப்போது கடையில் 'இரண்டும் ஒன்றில்' என்று புதுமைபோல விற்கிறார்களே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிட்டத்தட்ட எல்லாச் சறுக்குக் காலணியும் அப்படித்தான் இருந்தது. காலணி என்பது நாம் தெருவில் போட்டு நடக்கும் சொந்த பூட்ஸ். ஸ்கேட் என்பது அதன் அடியில் மாட்டும் தனிச்சட்டம். முன்பாதத்தையும் குதிகாலையும் இரும்புக் கவ்விகள் பிடித்துக்கொள்ளும். வார் வைத்துக் கட்டும் வகையும் உண்டு. கனடாவின் டார்ட்மவுத் நகரத்து ஸ்டார் தொழிற்சாலை, ஜான் ஃபோர்ப்ஸ் வடிவமைத்த ஐஸ் ஸ்கேட்டைச் செய்தது. ஒரு நெம்புகோலை இழுத்தால் எல்லாக் கவ்வியும் ஒரே நேரத்தில் இறுகும். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டின் பார்னி அண்ட் பெர்ரி, வூஸ்டரின் சாமுவேல் வின்ஸ்லோ ஆகிய கம்பெனிகள் பிளேடு வைத்ததையும் சக்கரம் வைத்ததையும் ஒரே கூரைக்குக் கீழ் செய்தன. ஒரே பையன், ஒரே பூட்ஸ். ஜனவரியில் பிளேடு, ஜூனில் சக்கரம். கவ்வியை இறுக்கும் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்த அமெரிக்கப் பிள்ளைகள் 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தார்கள்.

பிறகு ஏன் அது போயிற்று? கவ்வி தோல் அடியைக் கடித்துக் கிழிக்கும். தெரு பூட்ஸ் நடப்பதற்காக வளைந்துகொடுக்கும், சறுக்குவதற்கு அது வளையக் கூடாது. கணுக்கால் பக்கத்துக்குப் பக்கம் ஆடும். ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர் பிளேடைத் திருகாணி போட்டு பூட்ஸோடு இறுக்கிவிட்டார். நடனக்காரரான அவர் 1860களில் ஐரோப்பாவுக்குப் போய் வியன்னாவைத் தன் ஆட்டத்தால் மயக்கியவர். பனியில் குதிக்கவும் சுழலவும் காலும் பிளேடும் ஒரே உறுப்பாக இருக்க வேண்டும், கவ்வி அதற்கு உதவாது. அவர் வழியில் வந்ததுதான் இன்றைய ஃபிகர் ஸ்கேட்டிங். அதோடு குடும்பம் பிரிந்தது. நடனத்துக்குக் கணுக்காலைத் தாண்டி உயரும் கெட்டியான பூட்ஸ், வேகப்போட்டிக்குக் கணுக்கால் அளவு தாழ்ந்த பூட்ஸ், ஹாக்கிக்கு அடி தாங்கும் ஓடு போன்ற பூட்ஸ், சக்கரத்துக்கு வேறொன்று என்று ஆளுக்கொரு வழி போய்விட்டார்கள். 1884இல் லெவன்ட் ரிச்சர்ட்சன் சக்கரத்தில் எஃகுப் பால் பேரிங் வைத்ததும் சக்கரக் காலணி தன்போக்கில் வேகமெடுத்தது.

நம் நாட்டிலும் இந்த இரண்டு கிளைகளும் மலைநகரங்களில் வேர்விட்டன. சிம்லாவில் 1920 முதல் இயற்கைப் பனியிலேயே சறுக்குகிறார்கள். மாலையில் தண்ணீரைத் தரையில் பாய்ச்சினால் இரவுக் குளிரில் உறைந்து காலையில் அரங்கு தயார். முசூரியில் மரத்தளத்தில் சக்கரம் உருண்டது.

பிரிந்தவை மறுபடி சேர்ந்தது மின்னியாபோலிஸில், 1980 வாக்கில். ஸ்காட் ஓல்சன் என்ற இளம் ஐஸ் ஹாக்கி வீரரும் அவர் தம்பி பிரென்னனும் ஒற்றை வரிசைச் சக்கரம் வைத்த பழைய ஸ்கேட் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். கோடையில் ஹாக்கிப் பயிற்சிக்கு இது ஆகும் என்று பட்டது. ஹாக்கி பூட்ஸின் அடியில் சக்கரச் சட்டத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். ரோலர்பிளேடு பிறந்தது அப்படி. பெத்திபிளேயின் ஒற்றை வரிசை 160 ஆண்டு கழித்துத் திரும்பி வந்துவிட்டது. இந்தமுறை தோற்காததற்குக் காரணம், தரையைப் பற்றிக்கொள்ளும் பாலியூரித்தேன் சக்கரம், நல்ல பேரிங், கணுக்காலைக் கட்டிப்பிடிக்கும் பூட்ஸ். சக்கரத்தின் விளிம்பும் உருண்டையாக இருப்பதால் சாய்ந்து வளையலாம். உலகமே அந்தப் பெயரைச் சொன்ன காலத்தில் கம்பெனி ஓல்சன் கையில் இல்லை. 1980களின் நடுவிலேயே அது கைமாறிவிட்டது. யோசனை ஒருவருடையது, லாபம் இன்னொருவருடையது என்பதை நான் வரலாற்றுப் பாடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ!

கனடாவில் இருக்கும் நம் மாணவி ஒருத்தி, "பையனுக்கு இரண்டும் ஒன்றாக உள்ள ஸ்கேட் வாங்கலாமா சார்?" என்று கேட்டிருந்தாள். நான் ஸ்கேட்டில் ஏறி நின்றதில்லை, ஆனாலும் படித்ததை வைத்துச் சொல்கிறேன். இப்போது வருபவற்றில் பூட்ஸ் ஒன்று. அடியில் சக்கரச் சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பிளேடை மாட்டலாம். அளவையும் நாலைந்து எண் வரை கூட்டிக் குறைக்கலாம். காலளவு வருஷத்துக்கு வருஷம் மாறும் பிள்ளைக்கு இது சிக்கனம்தான். கவனிக்க வேண்டியது இணைப்பை. ஹாக்கி பிளேடின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய விளிம்பில் நிற்கும்போது இணைப்பில் ஒரு நூல் ஆட்டம் இருந்தாலும் கணுக்காலில் பெரிதாகத் தெரியும். மாட்டிய பிறகு பிளேடைக் கையால் பிடித்து ஆட்டிப் பார், ஆடினால் வேண்டாம்.

இரண்டாவது, நிற்பது. பனியில் காலைக் குறுக்கே திருப்பினால் பிளேடு பனியைச் சீவிக்கொண்டு நின்றுவிடும். சக்கரத்தில் அதேபோலத் திருப்பினால் சக்கரம் சீவாது, தரையைப் பிடித்துக்கொள்ளும், ஆள் தூக்கி எறியப்படுவான். அங்கே குதிகாலில் உள்ள ரப்பர் பிரேக்கைத்தான் அழுத்த வேண்டும். குளிர்காலம் முழுதும் பனியில் பழகிய பையன் வசந்தத்தில் சக்கரம் மாட்டும் முதல் நாள் நிற்பதற்குக் காலைத் திருப்பத்தான் பார்ப்பான். அந்த முதல் வாரம் முழங்கால் கவசமும் தலைக்கவசமும் கட்டாயம், பக்கத்தில் நீயும் நில். இன்னொன்று, பிளேடோடு சிமெண்டுத் தரையில் ஒரு அடிகூட வைக்க விடாதே, விளிம்பு போய்விடும்.

மும்முரமாகக் கற்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங் பூட்ஸிலேயே பொருத்தும் சக்கரச் சட்டங்கள் வந்துள்ளன. பிளேடின் வளைவுக்கு ஏற்பச் சக்கரங்கள் ஏறி இறங்கி இருக்கும், முன்னால் பிளேடின் பற்களுக்குப் பதில் ரப்பர் முனை. பார்த்தவுடன் எனக்கு டயர்ஸின் நடுச் சக்கரம்தான் ஞாபகம் வந்தது. வேகப்போட்டிக்காரர்களிடமோ பூட்ஸ் தனி, அடிச்சட்டம் தனி. நடுவில் இரண்டு திருகாணி.

அந்த இரண்டு திருகாணிக்கு இன்று பெரிய மதிப்பு. சக்கர வேகப்போட்டிக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை, பனி வேகப்போட்டிக்கு உண்டு. ஆகவே சக்கரத்தில் உலகை வென்றவர்கள் ஒலிம்பிக் ஆசையில் பனிக்கு மாறுகிறார்கள். டெரக் பாரா அப்படி வந்து 2002இல் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். சாட் ஹெட்ரிக் 2006இல் 5000 மீட்டரில். புளோரிடா வெயிலில் சக்கரத்தில் வளர்ந்த எரின் ஜாக்சன் பனிக்கு மாறி ஐந்தாறு ஆண்டுகளில், 2022இல் 500 மீட்டர் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதே 2022இல் பார்ட் ஸ்விங்ஸ் பெல்ஜியத்துக்கு 1948க்குப் பிறகு முதல் குளிர்காலத் தங்கத்தைக் கொண்டுவந்தார், அவரும் சக்கரத்து ஆள்தான்.

நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் சக்கரத்தில் 1000 மீட்டர் தங்கம் வென்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவரும், பெண்கள் அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரிராஜும் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வாங்கினார்கள். பனிக்கு மாற நினைத்தால் இவர்களுக்கு 400 மீட்டர் உள்ளரங்கப் பனிப்பாதை இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. டேராடூனில் இருப்பது சிறிய அரங்கு. குஜராத்தில் சக்கரத்தில் தொடங்கிய விஷ்வராஜ் ஜடேஜா பனியில் ஓட வேண்டும் என்று நெதர்லாந்துக்குப் போய்த்தான் பயிற்சி எடுத்தார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சாமான் சந்தையில் கவ்வி வைத்த ஸ்கேட்டும் அதன் சாவியும் கண்ணில் பட்டால், மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுத்துக் கீழே போடுங்கள். கம்பெனி பெயர் பெரும்பாலும் அடித்தகட்டில் பொறித்திருக்கும்.